தலைக்கட்டு வரி கொடுத்த கடல்

கூத்தனேரிக்குக் கடல் வந்தது ஒரு வியாழக்கிழமை. எந்த நேரத்தில் வந்தது என்பதில்தான் ஊருக்குள் இன்றைக்கும் சண்டை. பால் கறக்க எழுந்தவர்கள் விடியும்போதே வந்துவிட்டது என்பார்கள், சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியவர்கள் அப்போதும் ஏரி காய்ந்துதான் கிடந்தது, எட்டு மணிக்கு மேல்தான் வந்தது என்று அடித்துச் சொல்வார்கள். வந்தது கடல் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் அலை இருந்தது, உப்பு இருந்தது, அக்கரை தெரியவில்லை. தர்மபுரியிலிருந்து வரும் டவுன் பஸ் வழக்கம்போல ஏரிக்கரைப் புளியமரத்தடியில் வந்து நின்றது, டிரைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "தண்ணி வந்துடுச்சா, பரவால்லியே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பதினாறு வருஷம் காய்ந்து கிடந்த ஏரி அது, எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம்.

வெளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கே கேள்வி கேட்பார்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கும் மற்றவர்களுடைய கடலுக்கும் நடுவில் மேடும் மலையுமாக ஒரு நாள் பயணம் இருக்கிறது, அதில் ஒரு கல்கூட நனையவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிக் கிழக்கே போனால் ஊத்தங்கரை ரோடும் செங்கல் சூளையும் அதனதன் இடத்தில் இருக்கும். திரும்பி வந்து எங்கள் கரையில் ஏறி நின்று பார்த்தால் கடல். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, நாடுகளெல்லாம் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன, இனிமேல் அவர்கள் சரக்கு இங்கே வரலாம், நம் சரக்கு அங்கே போகலாம், நடுவில் இருந்த கதவுகளைக் கழற்றிவிட்டார்கள், அந்த வழியாகத்தான் இது உள்ளே வந்திருக்கும் என்றார். அதற்கு மேல் காரணம் விசாரிக்க யாருக்கும் நேரமில்லை, எருமைகளை இனி எங்கே குளிப்பாட்டுவது என்ற பிரச்சினை இருந்தது.

எருமைகளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, மனிதர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, பதிவேட்டில் 'ஏரிப் புறம்போக்கு, தற்சமயம் கடல்' என்று எழுதி முத்திரை குத்தினார். கடல் மீனை எப்படிக் கழுவுவது என்று தெரியாமல் எங்கள் பெண்கள் குழம்பு வைத்து, மூன்று தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக வேண்டியவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கே போய் முழுக்குப் போட்டுவிட்டு வந்து, பஸ் செலவு மிச்சம் என்று மனசார மகிழ்ந்தார்கள்.

கரையை ஒட்டிய முதல் நிலம் வேடியப்பனுடையது. ஒன்றரை ஏக்கர், முழுக்க மல்பெரிச் செடி, மேல்கோடியில் வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்த நீளமான புழுக்கொட்டகை. அவனும் அவன் மனைவி சாலம்மாவும் கல்யாணமான பதினோரு வருஷமாகப் பட்டுப்புழு வளர்த்தார்கள். பிள்ளை இல்லை, அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஊரே ஓய்ந்துபோயிருந்தது. புழு வளர்ப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், குஞ்சுப் புழு கூடு கட்டி முடிக்கும்வரை ஒரு மாதம் போல ஆகும், அந்த ஒரு மாதமும் வீட்டில் பச்சைக் குழந்தை இருப்பது மாதிரிதான். கொட்டகைக்குள் மிளகாய் நெடி ஆகாது, பீடி ஆகாது, முகப்பவுடர் ஆகாது, தலையில் பூ வைத்துக்கொண்டு நுழையக்கூடாது, கால் கழுவாமல் வாசலைத் தாண்டக்கூடாது. சாலம்மா பதினோரு வருஷமாகப் பவுடர் பூசியதில்லை. கடைசி வாரத்தில் புழுக்கள் இலை தின்கிற சத்தம் கூரையில் மழை விழுவது போலக் கேட்கும், அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதுதான் அந்த வீட்டின் சந்தோஷம்.

அந்த வியாழக்கிழமை வேடியப்பன் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "இது செடிக்கு ஆவாது" என்றான். சாலம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்று, "காலுக்கு நல்லா இருக்குது மாமா" என்றாள். கடலைப் பற்றி எங்கள் ஊர் பின்னால் வருஷக்கணக்கில் பேசியதெல்லாம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இப்போது நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அடுப்பைத் தனியாக வைத்துப் பிழைக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு; மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தால் அந்தக் குடும்பம் ஊரோடு சேர்ந்தது, அதன் நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து நிற்கும். வரி கேட்டு வீடு வீடாகப் போவது கோல்காரர் மாரப்பன் வேலை, அவர் கொஞ்சம் சட்டம் பேசுகிற ஆள். ஒரு பௌர்ணமியும் ஒரு அமாவாசையும் ஊர் எல்லைக்குள் தங்கியவர் எவராக இருந்தாலும் வரி உண்டு என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து விதி, கடல் வந்து நாலு பௌர்ணமி ஆகிவிட்டது. அவர் கோலை ஊன்றிக்கொண்டு கரையில் நின்று, "கடலுங்களே, மாரியாத்தா பண்டிகை சாட்டியாச்சி, உங்க தலைக்கட்டு வரி வரலீங்க" என்று கூவிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்தபோது கரையில், மாரப்பன் நின்ற இடத்திலேயே, ஒரு மூட்டை அளவுக்குக் கல்லுப்பு குவிந்திருந்தது, மண் ஒட்டாமல், மல்லிகை வெள்ளையில். ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி, அதாவது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர், மீசையைத் தடவி யோசித்து, கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்று வாங்கி வைத்தார். சாமிக்கு ஊற்றிய கூழுக்கு அந்த உப்பைத்தான் போட்டோம். இருநூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு இருந்த கூத்தனேரி அன்றோடு இருநூற்றுப் பதின்மூன்று தலைக்கட்டு ஆனது, கடலுக்கும் மற்ற வீடுகளுக்குப் போலவே வாழையிலையில் பிரசாதம் வைத்து அலையில் விட்டோம்.

பண்டிகை முடிந்த எட்டாம் நாள் முதல் கப்பல் வந்தது.

அதன்பின் நடந்ததைச் சொல்லும்போது நான் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்பீர்கள். எனக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. அதுவரை ஒவ்வொரு சித்திரையிலும் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டி, மிச்சப் பழத்தை மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தவன் நான். கப்பல்காரர்கள் என் பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைத்து, பெயரே வாயில் நுழையாத ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனார்கள், என் பழத்தை யாரோ ஒரு பனி பெய்கிற ஊர்க் குழந்தை ஸ்பூனால் சாப்பிடுவதாகக் கப்பல் சமையல்காரன் சைகையில் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புளி போனது, எள் போனது, எங்கள் கல்லுகூட அறுபட்டு மெருகேறிப் போனது. திரும்பி வரும் கப்பலில் செல்போன் வந்தது, சோலார் விளக்கு வந்தது, காது கேட்காத கொல்லர் வீட்டுப் பெண்ணுக்கு மலிவில் ஒரு காது மிஷின் வந்தது, அதை மாட்டிய அன்று அவள் தெருவெல்லாம் நடந்து கோழி கூவுவதைக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். கடல் எங்களுக்கு நல்லது செய்யவில்லை என்று எவனாவது சொன்னால் நான் அவனோடு சண்டைக்குப் போவேன்.

கரையிலேயே தகரக் கூரை போட்டு ஒரு தையல் கம்பெனி வந்தது, சட்டை தைத்துக் கப்பலில் ஏற்றுகிற கம்பெனி. எங்கள் பெண்கள் நாற்பது பேர் முதல் மாதமே சேர்ந்தார்கள், சாலம்மாவும் சேர்ந்தாள். காலர் தைப்பது அவள் வேலை. ஊசியில் நூல் கோக்கக் கண் மங்கலாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னதும் கப்பலில் வந்த கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், வேடியப்பன் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உனக்கு மூக்குமேல ஒரு மச்சம் இருக்குது மாமா, எனக்கு இத்தினி வருஷமா தெரியாது" என்றாள். அவன் வெட்கப்பட்டு இலை அறுக்கப் போய்விட்டான். முதல் சம்பளத்தை அவள் யாரிடமும் கொடுக்காமல் ஒரு நாள் முழுக்க இடுப்பில் முடிந்து வைத்திருந்தாள், செலவழிக்க அல்ல, சும்மா இருக்கட்டும் என்று.

ஆனால் புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் மிஷின் எண்ணெயும் சேர்ந்த வாசம் அவள் மேல் ஒட்டிக்கொண்டது, குளித்தாலும் போகவில்லை. ஒரு நாள் அவள் கொட்டகைக்குள் போய்ப் புழு வளர்க்கிற தட்டு ஒன்றில் கை வைத்ததும் அந்தத் தட்டுப் புழுக்கள் தலையைத் தூக்கி, இலை தின்பதை நிறுத்திவிட்டன. அவளாகவே வெளியே வந்து, ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள், அன்றிலிருந்து சாயங்காலங்களில் வேடியப்பன் உள்ளே இலை போடுவான், அவள் வெளியே தரையில் உட்கார்ந்து கம்பெனிக் கதை சொல்வாள், நடுவில் ஒரு ஓலை.

அடுத்த வருஷம் கப்பலில் பட்டுநூல் வந்தது. கட்டுக் கட்டாக, வெள்ளை வெளேரென்று, ஒரே சீராக, எங்கள் கூட்டிலிருந்து எடுக்கிற நூலைவிடப் பாதி விலையில். நெசவாளிகளைக் கேட்டால், "எங்களுக்கும் வயிறு இருக்குதில்ல" என்றார்கள், அதுவும் சரிதான். கூடு விற்கிற அங்காடியில் வேடியப்பன் காலையிலிருந்து நின்று, ஏலம் கேட்க ஆளில்லாமல், கடைசியில் ஒருவன் கேட்ட விலைக்குக் கொடுக்க மனசில்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். பஸ்ஸில் இறங்கியவன் நேரே கப்பல் நிற்கிற இடத்துக்குப் போனான், நான் கூடவே ஓடினேன், இன்றைக்குக் கைகலப்பு ஆகிவிடும் என்று பயம். அவன் ஒரு நூல்கட்டின் ஓரத்தைப் பிரித்தான். உள்ளே, நூலோடு நூலாக, காய்ந்துபோன ஒரு புழு இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நம்ம புழு மாதிரியேதான் இருக்குதுங்க" என்றான் என்னிடம். "அங்கயும் ஒருத்தன் ஒரு மாசம் தூங்காம இலை அறுத்துப் போட்டிருப்பான். அவன் வூட்லயும் மிளகா வறுத்திருக்க மாட்டாங்க."

விற்காத கூடுகளைக் கொட்டகையிலேயே கொட்டி வைத்திருந்தான். விற்றுவிட்டால் உள்ளே இருக்கிற புழு சாகட்டும் என்று அவற்றை ஆவியில் வைப்பார்கள், வைக்காததால் உள்ளே இருந்த புழுக்கள் அந்துப்பூச்சியாகிக் கூட்டை ஓட்டை போட்டு வெளியே வந்தன. பத்தாம் நாள் காலையில் வேடியப்பன் வீட்டுச் சுவரும் கூரையும் கொடியில் கிடந்த துணியும் ஆயிரக்கணக்கான வெள்ளைப் பூச்சிகளால் மூடிக் கிடந்தன. பட்டுப்பூச்சி பறக்காது, கடிக்காது, சாப்பிடக்கூட வாய் கிடையாது, இரண்டு மூன்று நாள் இறக்கையை அடித்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போகும். சாலம்மா அன்றைக்குக் கம்பெனிக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் நுழைய முடியாதவள் மேல் அன்று பூச்சிகள் தாமாக வந்து ஊர்ந்து ஏறி உட்கார்ந்தன, தலையில், தோளில், கண்ணாடியின் விளிம்பில், அவள் அசையாமல் உட்கார்ந்தபடியே அழுதாள். வேடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் விட்டான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கடல் நகர ஆரம்பித்திருந்தது. கப்பல்கள் பெருகப் பெருக அதற்கு இடம் போதவில்லை போலும். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு அடி, ஒன்றரை அடி என்று கரையேறி வேடியப்பனின் மல்பெரி வரிசைக்கு எட்டுக் காலடி தூரத்தில் வந்து நின்றது. கீழ்வரிசை இலைகள் கரித்தன, தின்ற புழுக்கள் சுருண்டன. அவன் ஊர்க்கவுண்டரிடம் போய், கடலை ஊரைவிட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்று முறையிட்டான்.

"வரி வாங்கிட்டமேப்பா" என்றார் தீர்த்தகிரி. "வரி வாங்கின தலைக்கட்ட நெனச்ச நேரத்துல தொரத்த முடியுமா? ஊரக் கூட்டி, ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு குரல்னு கேட்டு, எது அதிகமோ அதான்."

"அது வரைக்கும் என் நெலத்துக்குள்ள வந்துடுச்சின்னா?"

"வராது. பிராது முடியற வரைக்கும் பிராதுக்கு ஆளானவரு இருந்த எடத்த வுட்டு நகரக்கூடாது. அது ஊர்க்கட்டு. மாரப்பனப் போயி சொல்லச் சொல்றேன்." மாரப்பன் போய்ச் சொன்னார். அந்த அமாவாசைக்கு எதிர்பார்த்த அலை ஏறவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. மா, புளி, எள், தையல் ஒரு பக்கம். பட்டு, பால், நாட்டுப் பருத்தி இன்னொரு பக்கம். கப்பலில் பால்பவுடர் வந்ததிலிருந்து சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. கடல் போனால் கம்பெனியும் போய்விடும், அதைச் சூப்பர்வைசர் தினமும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். கடல் இருந்தால் அடுத்த வருஷம் மல்பெரி இருக்காது. ஆக வேடியப்பன் வீட்டில்தான் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன, அதைப் பற்றி அந்த வீட்டில் மட்டும் யாரும் பேசவில்லை. ஓலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேறு எதையெதையோ பேசினார்கள்.

கூட்டம் மாரியம்மன் கோயில் முன்னால் காலையிலேயே தொடங்கியது. ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தோம், பெண்கள் வழக்கம்போல வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மாரப்பன் பேர் கூப்பிட, ஒவ்வொரு தலைக்கட்டும் எழுந்து "போவணும்" என்றோ "இருக்கட்டும்" என்றோ சொன்னது. நான் இருக்கட்டும் என்றேன், சொல்லும்போது வேடியப்பன் பக்கம் பார்க்கவில்லை. மூன்று வீடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்தது. கரையோரத்துக் கடைசி வீடு என்பதால் வேடியப்பன் பேர் கடைசியில் வந்தது, அப்போது போவணும் நூற்றுநாலு, இருக்கட்டும் நூற்றுநாலு. புளியமரத்தடியில் டவுன் பஸ் வந்து நின்று, போகாமல் நின்றுகொண்டிருந்தது.

வேடியப்பன் எழுந்தான். சாலம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை போட்டிருந்தான்.

"என்னப்பா, சொல்லு" என்றார் தீர்த்தகிரி.

"என் வூட்ல ஒரு குரல் இல்லீங்க கவுண்டரே" என்றான் வேடியப்பன். "ரெண்டு இருக்குது. என்னுது போவணும். அவளுது என்னான்னு எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்லக்கூடாது. அவளையே கேளுங்க."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று நாலு பேர் எழுந்தார்கள், மாரப்பன் கோலைத் தட்டினார், தீர்த்தகிரி மீசையைத் தடவினார். வேடியப்பன் உட்காரவில்லை. அவள் சொல்லாமல் என் தலைக்கட்டு சொல்லாது என்று நின்றான். கடைசியில் தீர்த்தகிரி வேப்பமரத்தைப் பார்த்து, "ஏம்மா சாலம்மா, வா இப்படி" என்றார். அவள் வந்து வட்டத்துக்குள் நின்றாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். புருஷனுக்கு விட்டுக்கொடுப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"இருக்கட்டுங்க" என்றாள் சாலம்மா. "எம் மாமா நெலம் போனா எனக்கு உசிரே போயிடும். ஆனா கேட்டுட்டீங்க, பொய் சொல்ல மாட்டேன். மாசக் கடைசில என் கையில என் சம்பளம் வர்றப்ப நான் நிமிந்து நிக்கிறேன். அது எனக்கு வேணும்."

வேடியப்பன் தலையாட்டினான், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல, கொஞ்சம் பெருமையாகக்கூட. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது. அப்போது என் மனைவி வேப்பமரத்துப் பக்கமிருந்து, "அப்படின்னா எனக்கும் ஒன்னு இருக்குது, எங்களுது போவணும், இந்த மாங்கூழ் மிஷின் சத்தத்துல என் தலை வெடிக்குது" என்று கத்தினாள். அவ்வளவுதான். பெண்கள் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள், முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று, ஒருத்தி காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றினாள், வெயில் சாய்ந்தபோது மாரப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூட்டத்தை அடுத்த அமாவாசைக்கு ஒத்திவைத்தார்கள். பிராது முடியாததால் கடல் இருந்த இடத்திலேயே, எட்டுக் காலடி தூரத்தில், நின்றது.

அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று அமாவாசை ஆயிற்று. பேச்சு முடியாதவரை கடல் நகராது. அதற்காக நாங்கள் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டோம் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் யாருக்காவது புதிதாக ஒரு நியாயம் இருந்தது. பேசப் பேசக் கடலிடம் ஒவ்வொன்றாகக் கேட்கவும் கற்றுக்கொண்டோம். கூடு அங்காடிக்குப் போகிற வாரத்தில் நூல்கட்டு இறங்கக்கூடாது என்று கேட்டோம், அந்த வாரம் தண்ணீர் உள்வாங்கி, நூல்கப்பல் தூரத்திலேயே நின்றது. கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டும்வரை கப்பல் கரைக்கு வரக்கூடாது என்று சாலம்மா கேட்டாள், நாலே நாளில் கட்டினார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. பாலுக்குக் கேட்டது நடக்கவில்லை, பருத்திக்காரர்கள் இரண்டு குடும்பம் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள், போகும்போது என்னோடு பேசவில்லை. வேடியப்பன் நாலு தடவை கூடு விற்றதில் ஒரு தடவைக்கு நல்ல விலை பார்த்தான், அதை வைத்துப் பிழைத்தான். ஒவ்வொரு அமாவாசையும் அவன் போவணும் என்பான், அவள் இருக்கட்டும் என்பாள், பிறகு இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்.

பதினோராவது கூட்டத்தின்போது சாலம்மாவுக்குக் காய்ச்சல். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. வேடியப்பன் தனியாக வந்தான்.

மாரப்பன் அவன் பேரைக் கூப்பிட்டு, "உன் வூட்டு ரெண்டு குரலு?" என்றார். வேடியப்பன் எழுந்து, "அவளுத மொதல்ல சொல்லிடறேன்" என்று தொடங்கினான். அவள் ஒரு நாளும் அவ்வளவு சொன்னதில்லை. அவள் தைத்த காலர்களைப் பற்றிச் சொன்னான், அவள் கண்ணாடி போட்டதிலிருந்து ராத்திரிச் சோற்றில் கல் கடிபடாமல் போனதைச் சொன்னான், பிள்ளை இல்லை என்று எந்த விசேஷத்துக்கும் போகாமல் ஒதுங்கியவள் இப்போது நாற்பது பெண்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே நடந்து வருவதைத் தான் தினமும் கொட்டகை இடுக்கு வழியாகப் பார்ப்பதைச் சொன்னான். "அதனால அவளுது இருக்கட்டுங்க" என்று முடித்தபோது அவன் முகம் நனைந்திருந்தது, எங்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான், மூக்கைச் சிந்திக்கொண்டே கலைந்து போனோம்.

வீட்டுக்குப் போனதும், படுத்திருந்த சாலம்மா, "எனக்கு என்னா சொன்னே?" என்று கேட்டாளாம்.

"நீ சொல்றதத்தான்."

"உனக்கு?"

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே யோசித்தான். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது, தன்னுடையதைச் சொல்லவே இல்லை. மாரப்பனும் கேட்க மறந்திருந்தார், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவன் சிரித்துவிட்டு, பரவாயில்லை, அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கஞ்சி காய்ச்ச அடுப்படிக்குப் போனான்.

விடிந்தபோது நான் தோப்புக்குப் போகிற வழியில் பார்த்தேன். கடல் எட்டுக் காலடியையும் தாண்டி, மல்பெரியின் முதல் மூன்று வரிசைக்குள் வந்து நின்றிருந்தது, செடிகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. போவணும் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது அதற்குத் தெரிந்திருந்தது, பிராது தன் பக்கம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டுவிட்டது. நான் மாரப்பனைக் கூப்பிட ஓடலாமா என்று திரும்பியபோது, சாலம்மா வீட்டிலிருந்து வந்தாள். காய்ச்சல் விடவில்லை, கம்பளியைப் போர்த்தியிருந்தாள், நடை தள்ளாடியது. வேடியப்பன் கொட்டகையில் புழுவுக்கு நேற்றைய இலையைப் போட்டுக்கொண்டிருந்தான், வெளியே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அவள் தண்ணீருக்குள் இறங்கி, செடிகளுக்கு முன்னால் போய் நின்றாள். வலப்பக்கம் அவளுடைய கம்பெனித் தகரக் கூரை வெயிலில் மின்னியது, இரண்டு கப்பல்கள் சட்டை மூட்டைகளுக்காகக் காத்திருந்தன.

"எங்க வூட்டுக் குரல் ஒன்னு பாக்கி இருக்குது" என்றாள் கடலிடம். "எம் மாமா சொல்ல மறந்துட்டாரு, நான் சொல்றேன். போவணும். நீ போவணும்."

ஒரு அலை வந்து அவள் இடுப்பைத் தொட்டது. பிறகு மூன்றாவது வரிசையை விட்டது, இரண்டாவது வரிசையை விட்டது, முதல் வரிசையையும் விட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் போய், பழைய இடத்தில் நின்றது. அந்தச் சமயத்தில்தான் வேடியப்பன் கையில் காலிக் கூடையோடு வெளியே வந்தான். ஈரச் செடிகளையும், அவற்றுக்கு நடுவில் கம்பளியோடு நனைந்து நிற்கிற அவளையும் பார்த்தான்.

"காய்ச்சலோட தண்ணியில என்னா பண்றே?" என்று அதட்டினான்.

"ஒன்னுமில்ல மாமா" என்றாள் அவள், முந்தானையால் ஒரு மல்பெரி இலையில் இருந்த உப்பைத் துடைத்துக்கொண்டே. "கம்பெனிச் சங்கு ஊதறதுக்குள்ள இந்த வரிசையத் தொடச்சிடலாம், வா."